முன் சீட்டைக் கழட்டிக் காட்டுங்க சார்!

பழைய சொகுசு கார் வாங்கப் போகிறவர்கள் என்னவெல்லாம் பார்ப்பார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பெயின்டைத் தடவிப் பார்ப்பார்கள். பானெட்டைத் திறந்து, ஒன்றும் புரியாவிட்டாலும் "ம்ம்ம்..." என்று தலையாட்டுவார்கள். டயருக்கு ஒரு உதை. ஏசி வென்ட் முன்னால் கையை நீட்டி "கூலிங் சூப்பர்" என்பார்கள். கடைசியாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பார்கள். அந்த லெதர் வாசனையிலேயே பாதி பேரம் முடிந்துவிடும். கூட வந்த மாமா வேறு, "உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குடா மாப்ள" என்பார்.

உட்கார்ந்த அந்தச் சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் ஒருத்தரும் பார்ப்பதில்லை.

என் கருத்து இதுதான். பத்து, பதினைந்து வருஷப் பழைய பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி வாங்குவதாக இருந்தால், முழுப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் முன் சீட் இரண்டையும் கழட்டி வெளியே வைத்துப் பார்க்க வேண்டும். விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த வண்டியே வேண்டாம். "ஓவரா இருக்கே" என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் :-)

முதலில் நம்ம காமர்ஸ் கணக்கு. வருமான வரிச் சட்டத்தில் காருக்குத் தேய்மானம் 15 சதவீதம், ரிட்டன் டவுன் வேல்யூ முறை. 60 லட்சத்துக்கு வாங்கிய காரை 15 வருஷம் அப்படியே தேய்த்துக்கொண்டு போனால் கடைசியில் நிற்பது சுமார் 5 லட்சத்து 24 ஆயிரம். கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள். ஆட்டோ கன்சல்டிங்காரர்கள் சொல்லும் விலையும் கிட்டத்தட்ட அங்கேயேதான் வந்து நிற்கும். ஒரு புதுச் சின்னக் கார் விலைக்கு எஸ் கிளாஸ்! அக்கவுன்டன்சி பாடத்தில் சொல்லித்தராத விஷயம் என்னவென்றால், தேய்ந்தது கார்தான், அதன் ஸ்பேர் பார்ட்ஸ் விலை தேயவில்லை. 5 லட்சத்து வண்டிக்குப் போடும் கன்ட்ரோல் யூனிட் 60 லட்சத்து வண்டிக்கான கன்ட்ரோல் யூனிட்தான். ஆகையால் சின்னக் காரில் ஒரு தப்பு நடந்தால் சில ஆயிரத்தோடு போகும். இதில் நடந்தால் வண்டியின் விலையில் பாதி போகும்.

சரி, அதற்கும் சீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

தண்ணீர்.

2015 டிசம்பரில் சென்னையில் அடையாறு கரையோரம் எத்தனை பேஸ்மென்ட் பார்க்கிங் மூழ்கியது என்று நம் எல்லோருக்கும் தெரியும். 2018 ஆகஸ்டில் கேரளா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் சென்னை. அப்படி மூழ்கிய கார்கள் எங்கே போயின? எல்லாம் நசுக்கப்பட்டு இரும்பாகிவிட்டன என்று நினைத்தால் நீங்கள் ரொம்ப நல்லவர். இன்ஷூரன்ஸில் ஒரு விதி இருக்கிறது. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை 'கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லாஸ்' என்று கணக்கை முடித்துவிடலாம். ஓனருக்குப் பணம் போய்விடும். மிச்சமிருக்கும் வண்டி சால்வேஜாக ஏலத்துக்குப் போகும். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை.

இதில்தான் சொகுசு காருக்கே உரிய ஒரு வில்லங்கம். மாருதி 800-ல் சீட் உயரத்துக்குத் தண்ணீர் ஏறினால் காய வைத்து, ஆயில் மாற்றி ஓட்டிவிடலாம். அதில் கெடுவதற்கு என்ன இருக்கிறது? சொகுசு காரில் அதே உயரத்துக்குத் தண்ணீர் ஏறினால் சீட் மோட்டார், மெமரி யூனிட், கம்பளத்துக்கு அடியில் ஓடும் ஒயர்கள், கன்ட்ரோல் யூனிட்கள் என்று எஸ்டிமேட் எகிறி 75-ஐச் சுலபமாகத் தாண்டிவிடும். அதாவது பார்ப்பதற்கு ஒரு கீறல்கூட இல்லாத வண்டி டோட்டல் லாஸ் ஆகிறது! பம்பர் புதுசு மாதிரி, பெயின்ட் கண்ணாடி மாதிரி, இன்ஜின் சத்தமே இல்லை. ஏலத்தில் எடுத்தவர் காய வைத்து, ஒன்றிரண்டு யூனிட்டைப் பழைய மார்க்கெட்டில் வாங்கி மாற்றி, லெதரை ஷாம்பூ போட்டுத் துடைத்து, நானூறு கிலோமீட்டர் தள்ளி வேறு ஊரில் நிறுத்திவிட்டால் அது "டாக்டர் ஓட்டின வண்டி சார், சிங்கிள் ஓனர்" ஆகிவிடுகிறது. (தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் அத்தனை பழைய காரையும் டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள். எப்போது பேஷன்ட் பார்த்தார்களோ தெரியவில்லை.)

அமெரிக்காவில் பல மாநிலங்களில் இப்படி மூழ்கிய காரின் உரிமைப் பத்திரத்திலேயே அதைக் குறித்துவிடுவார்கள். நம் ஆர்சியில் ஓனர் பெயர், இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், ஹைப்போதிகேஷன் எல்லாம் இருக்கும். கழுத்தளவு தண்ணீரில் மூன்று நாள் நின்றது என்று எங்கேயும் இருக்காது.

அந்தக் கதை எழுதியிருக்கும் ஒரே இடம் சீட்டுக்கு அடியில்.

ஏன் அங்கே? சொகுசு காரின் அமைதிக்குக் காரணம் கம்பளத்துக்கு அடியில் இருக்கும் கனமான ஃபோம். ரோட்டுச் சத்தத்தை விழுங்கும் அதே ஃபோம் தண்ணீரையும் விழுங்கும். மேலே கம்பளம் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும், அடியில் வாரக்கணக்கில் ஈரம் நிற்கும். இந்தக் கம்பளம் துண்டு துண்டாக வருவதில்லை. சீட்டுக்கு அடியிலும் நடு கன்சோலுக்கு அடியிலும் ஒரே விரிப்பாகப் போகும். கதவோரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையை எடுத்துவிட்டு ஓரத்தை இரண்டு விரலால் தூக்கலாம், அவ்வளவுதான். முழுசாகத் தூக்க வேண்டுமானால் சீட் வெளியே வந்தாக வேண்டும். "ஐநூறு ரூபாய்க்கு ஒயர் கேமரா கிடைக்குது, அதை விட்டுப் பார்த்தா போதாதா" என்று வகுப்பில் ஒரு நண்பன் கேட்டான். விட்டுப் பார், தப்பில்லை. அது காட்டுவது கம்பளத்தின் மேல் பக்கத்தை. ஃபோமைத் தொட்டு அழுத்தினால்தான் ஈரம் தெரியும், முகர்ந்தால்தான் அந்தக் குட்டை வாடை தெரியும். கேமராவுக்கு மூக்கு கிடையாது.

சீட்டைத் தூக்கிக் கவிழ்த்தால் என்ன தெரியும்? சீட் அடியில் இருக்கும் இரும்புச் சட்டமும் ஸ்பிரிங்கும் வெளியே தெரியாத இடம் என்பதால் அதை யாரும் பாலிஷ் போடுவதில்லை. அங்கே செம்பட்டையாகத் துரு ஏறியிருந்தால், வண்டி மழைநீரில் அல்ல, தேங்கிய தண்ணீரில் நின்றிருக்கிறது. ரெயிலின் பள்ளத்தில், போல்ட் இறங்கும் ஓட்டையில், மாவு மாதிரி காய்ந்த வண்டல் இருக்கும். எவ்வளவு வாட்டர் வாஷ் அடித்தாலும் அந்த மூலை போகாது. கனெக்டரைப் பிரித்தால் பின்களில் பச்சைக் களிம்பு. தாமிரம் ஈரத்தில் கிடந்தால் வருவது, நம் வீட்டுப் பழைய செம்புக் குடத்தில் பார்த்திருப்போம். அப்புறம் அந்த நாலு போல்ட்டின் தலை. கம்பெனியில் இறுக்கியதற்குப் பிறகு யாருமே தொடவில்லை என்றால் தலையின் முனைகள் கூர்மையாகப் பெயின்டோடு இருக்கும். ஸ்பேனர் கடித்த தடம் இருந்தால் இதற்கு முன் யாரோ கழட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஏன் என்று கேளுங்கள். நல்ல காரணமும் இருக்கலாம். பழைய ஆடி க்யூ7, பென்ஸ் எம்எல் மாதிரி வண்டிகளில் பாட்டரியே முன் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. சில வண்டிகளில் பாட்டரி மாற்ற சீட்டைக் கழட்ட வேண்டியிருக்கும். ஆக, "சீட்டைக் கழட்டினா வண்டி கெட்டுடும்" என்று பயமுறுத்துபவர்களிடம், சில வண்டிகளில் பாட்டரி மாற்றவே சீட்டைக் கழட்டும்படி கம்பெனியே டிசைன் பண்ணியிருக்கிறதே என்று கேட்கலாம்.

வெள்ளம்தான் வர வேண்டும் என்றில்லை. 1997-லிருந்து 2004 வரை வந்த ஆடி ஏ6-இல் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இயக்கும் கன்ட்ரோல் யூனிட் எங்கே இருக்கிறது தெரியுமா? முன்னால் கால் வைக்கும் இடத்தில், கம்பளத்துக்கு அடியில்! முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் வடிகால் ஓட்டையை இலை அடைத்துவிட்டால், மழைத் தண்ணீர் மெதுவாக உள்ளே இறங்கி அந்தப் பள்ளத்தில் தேங்கும். வண்டி ஒரு நாள் கியர் மாற மறுக்கும். மெக்கானிக் கியர்பாக்ஸையே இறக்கலாம் என்பார். உண்மையான குற்றவாளி வேப்பமர நிழலில் பார்க் பண்ணியது.

இனி எகனாமிக்ஸ். 1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் 'எலுமிச்சை மார்க்கெட்' என்று ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்கர்கள் சொத்தைக் காரை எலுமிச்சை என்பார்கள். (நாம் புதுக் காருக்கு டயர் அடியில் எலுமிச்சை வைக்கிறோம், அது வேறு டிபார்ட்மென்ட்.) மூன்று ஜர்னல்கள் நிராகரித்த பிறகுதான் அந்தக் கட்டுரை வெளிவந்தது. 2001-ல் நோபல். அவர் சொன்னது இதுதான்: வண்டியின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. வாங்குபவர் பயந்து சராசரி விலைதான் தருவார். நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, விற்காமல் போய்விடுவார். கடைசியில் மார்க்கெட்டில் மிஞ்சுவது சொத்தைகள். பழைய சொகுசு கார் மார்க்கெட்டை நேரில் பார்த்துவிட்டு எழுதியது போலவே இருக்கும்.

அதே வருஷம் அவரோடு நோபலைப் பகிர்ந்துகொண்டவர்கள் மைக்கேல் ஸ்பென்ஸும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும். தெரியாதவன் தெரிந்தவனிடமிருந்து எப்படி உண்மையை வரவழைப்பது என்பது ஸ்டிக்லிட்ஸின் கேள்வி. நல்லவனுக்குச் சுலபமாகவும் கெட்டவனுக்குக் கஷ்டமாகவும் இருக்கிற ஒரு நிபந்தனையை முன்னால் வை, அவனவன் தானே பிரிந்து நிற்பான். "முன் சீட்டைக் கழட்டிப் பார்க்கலாமா சார்?" என்பது அச்சு அசல் அப்படி ஒரு நிபந்தனை. ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே, பதில் வரும் விதத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சித்தப்பா ஒருவர் போன வருஷம் 2008 மாடல் ஜெர்மன் செடான் ஒன்றைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆறரை லட்சம் சொன்னார்கள். சித்தப்பா ரிட்டயர்மென்ட் பணத்தில் கை வைத்துதான் வாங்குவதாக இருந்தது. விற்பவர் ரொம்ப மரியாதையானவர், டீ வாங்கிக்கொடுத்தார். டெஸ்ட் டிரைவ், ஸ்கேனிங், எதற்கும் தயார். சீட்டைப் பற்றிக் கேட்டதும், "தம்பி என்ன படிக்கிறீங்க?" என்றார். பி.காம் என்றேன். "அதான்..." என்று சிரித்துவிட்டு, "அதுல ஏர்பேக் இருக்கு தம்பி, கைய வச்சா வெடிச்சிடும்" என்றார். செலவு எங்களுடையது, நீங்கள் சொல்லும் ஒர்க்‌ஷாப்பிலேயே கழட்டலாம், ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பு என்று சித்தப்பா சொன்னார். "நாளைக்குச் சொல்றேன்" என்றார். அந்த நாளை இன்னும் வரவில்லை. அந்த வண்டி தண்ணீரில் நின்றதா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நிற்காமலும் இருந்திருக்கலாம். ஆறரை லட்சத்துக்கு அந்தச் சந்தேகத்தையும் சேர்த்து வாங்க சித்தப்பா தயாராக இல்லை.

ஆனால் ஏர்பேக் விஷயத்தில் அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான்தான் ஏமாற்றுக்காரன். 1990-களின் நடுவில் வால்வோ சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் வைக்க ஆரம்பித்த பிறகு மற்ற கம்பெனிகளும் அதைப் பிடித்துக்கொண்டன. சில வண்டியில் சீட்டில் இருக்கும், சில வண்டியில் கதவில் இருக்கும். பெல்ட்டை இறுக்கும் சின்ன வெடியும் சீட்டோரத்தில் இருக்கலாம். இவற்றின் கனெக்டர் மஞ்சள் நிறத்தில் இருக்கும். சாவி போட்ட நிலையில் அந்த மஞ்சளில் கை வைக்கவே கூடாது. பாட்டரியைக் கழட்டி, அந்த மாடலுக்குக் கம்பெனி சொல்லியிருக்கும் நேரம் வரை காத்திருந்து, உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்த பிறகுதான் தொட வேண்டும். சீட் வெளியே இருக்கும்போது "சும்மா ஒரு தடவை" என்று இக்னிஷனைப் போட்டால் ஏர்பேக் லைட் எரிந்து ஃபால்ட் பதிவாகிவிடும். அதை அழிக்க ஸ்கேனர் வேண்டும். ஆகவே நான் சொல்வது நானும் நீங்களும் ஸ்பேனரோடு கிளம்புவதை அல்ல. இதை அன்றாடம் செய்கிற ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூட்டிப் போவதை.

ஏர்பேக் பேச்சு வந்ததால் இன்னொன்று. சாவி போட்டதும் டாஷ்போர்டில் ஏர்பேக் லைட் சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம், பல்பையே பிடுங்கியிருக்கலாம். ஏர்பேக் போன இடத்தில் ஒரு ரெசிஸ்டரைச் செருகி கம்ப்யூட்டரை ஏமாற்றும் வித்தையும் நடக்கிறது. ஸ்கேனரில் எல்லாம் ஓகே என்று வரும். சீட்டைக் கழட்டி அந்த மஞ்சள் ஒயரைத் தொடர்ந்து போனால்தான் அதன் முனையில் ஏர்பேக் இருக்கிறதா, பத்து ரூபாய் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று தெரியும். இங்கே போவது பணம் மட்டும் அல்ல. நாளைக்கு அந்தச் சீட்டில் உட்காரப் போவது நம் அம்மா.

விற்பவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வருகிறவர் போகிறவர் எல்லோரும் சீட்டைக் கழட்டினால் வண்டி என்னத்துக்கு ஆகும்? ஆகவே முதல் நாளே போய்க் கேட்கக் கூடாது. விலை படிந்து, சின்னதாக ஒரு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து, "சீட் அடியில் தண்ணீர் நின்ற அடையாளம் இருந்தால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு, கழட்டி மாட்டும் கூலியை நாம் ஏற்றுக்கொண்டு கேட்க வேண்டும். இதற்குமேல் ஒரு நேர்மையான விற்பனையாளருக்கு என்ன நஷ்டம்? சொல்லுங்கள்.

"ஏமாத்தினா கோர்ட்டுக்குப் போகலாம்ல?" என்பவர்களுக்கு: பிசினஸ் லா பேப்பரில் மனப்பாடம் பண்ணிய 1930-ஆம் வருஷத்து சேல் ஆஃப் கூட்ஸ் ஆக்ட், பிரிவு 16 ஞாபகம் இருக்கிறதா? 'கேவியட் எம்டர்', வாங்குபவனே உஷாராக இரு. கன்சல்டிங் மாதிரி அதையே தொழிலாகச் செய்பவரிடம் வாங்கினால் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. அதிலும், வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தனி ஆளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பே பெரும்பாலும் கிடையாது. ஐந்து மார்க் கேள்வியாகப் படித்தபோது தூக்கம் வந்தது. ஆறரை லட்சம் எதிரே நிற்கும்போது ஒவ்வொரு வார்த்தையும் நிமிர்ந்து உட்கார வைக்கிறது.

டிஸ்கி: கூட்டிப் போகும் எலக்ட்ரீஷியன் அவசரக்காரர் என்றால் இதை மட்டும் ஞாபகப்படுத்துங்கள். பவர் சீட் வண்டியில் முதலிலேயே பாட்டரியைக் கழட்டிவிட்டால் சீட் நகராது, போல்ட்டும் எட்டாது. சீட்டைப் பின்னால் தள்ளி முன் போல்ட் இரண்டு, முன்னால் தள்ளி பின் போல்ட் இரண்டு, பிறகு நடுவில் கொண்டுவந்து நிறுத்தி சாவியை எடுத்த பிறகே பாட்டரி. ஹெட்ரெஸ்டை உருவிவிட்டால் கதவு வழியாக வரும். நல்ல கனம், இரண்டு ஆள் வேண்டும். கதவு வாசலில் ஒரு பழைய பெட்ஷீட்டை மடித்துப் போடுங்கள், ரெயில் பட்டால் பெயின்ட் போய்விடும். திருப்பி மாட்டும்போது போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்து, கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். பெல்ட் பக்கிள் அந்தச் சீட்டோடுதான் சேர்ந்திருக்கிறது, மோதினால் நம் மொத்த எடையும் அந்த நாலு போல்ட்டில்தான் தொங்கும்.